லினக்ஸ் கெர்னல்: மெய்நிகர்க் குழுப்பணி

பல நாடுகளில் இருக்கும் போட்டி நிறுவனங்களின் ஊழியர்களும் தன்னார்வலர்களும் ஒரே அலுவலகத்தில் கூடாமல் உருவாக்கிவரும் இயங்குதள மைய நிரல் இது. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் இதைத் தொடங்கினார்.

குழுவின் பேச்சு பெரும்பாலும் மின்னஞ்சலில்தான். நிரலில் ஒரு வரியை மாற்றினாலும் காரணத்தை எழுதி, எல்லோரும் படிக்கும்படி அனுப்ப வேண்டும். மற்றவர்கள் வரிவரியாகக் கேள்வி எழுப்புவார்கள். எழுதியவர், அதை ஏற்றுக்கொண்ட பராமரிப்பாளர் இருவர் பெயரும் ஒப்ப வரிகளாக அத்திருத்தத்திலேயே நிலைத்துவிடும். காரணத்தை எழுதிவைக்கும் இப்பழக்கமே இக்குழுவின் பெரும்பலம். அதனால் ஒருவர் உறங்கும்போது இன்னொருவர் வேலையைத் தொடர முடிகிறது. 2005இல் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் (Git) என்ற மென்பொருள், தன்னில் பதிவாகும் திருத்த வரலாற்றை ஒவ்வொருவர் கணினியிலும் வைக்கிறது.

முகம் பாராத எழுத்தில் கடுமை எளிதில் ஏறிவிடும். 2018இல் டோர்வால்ட்ஸ் தம் கடுஞ்சொற்களுக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் விலகியிருந்தார். அப்போதே நடத்தை நெறிமுறையும் ஏற்கப்பட்டது.