குளிரும் கூரையும்: நீலகிரி இல்லங்கள் உரைக்கும் வரலாறு

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் வீடு என்பது முதலில் குளிரைத் தடுக்கும் அரண். அவ்வரணை எழுப்பிய இருவேறு வழிகளை நீலகிரியின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

முதலாவது தோடர்களுடையது. மூங்கிலை வில்லாக வளைத்து, பிரம்பால் கட்டி, புல் வேய்ந்த அவர்களின் மரபு இல்லத்தில் கூரையே தரைவரை இறங்கிச் சுவராகிறது. சன்னல் கிடையாது, வாசலோ தவழ்ந்து நுழையுமளவே இருக்கும். தடித்த புல்லடுக்கு உள்வெப்பத்தைக் காத்தது. உள்ளிடம் சிறிதாதலால் சிறு அடுப்பின் கனலே அதனை வெதுவெதுப்பாக்கியது.

இரண்டாவது ஆங்கிலேயருடையது. கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1822-இல் உதகையில் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். அதன்பின் உயர்ந்த கூரையும் அகன்ற அறைகளும் கொண்ட மாளிகைகள் பெருகின. அவற்றைச் சூடாக்கக் கணப்படுப்புகள் எரிந்தன; விறகுக்காகச் சோலைக்காடுகள் வெட்டப்பட்டன. அப்பற்றாக்குறையைத் தீர்க்கவே, 1843-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட யூகலிப்டஸ், அதாவது கற்பூர மரம், பின்னர் பெருமளவில் நடப்பட்டது. வீட்டின் அளவு மலையின் முகத்தையே மாற்றிவிட்டது.

இன்று உதகையிலும் குன்னூரிலும் கான்கிரீட் கட்டடங்கள் நெருங்கி நிற்கின்றன. விறகின் இடத்தில் மின்சூடேற்றி வந்திருக்கிறது. நாம் புற்குடிலுக்குத் திரும்ப வேண்டியதில்லை. தேவைக்கேற்ற அறை, வெப்பம் காக்கும் கூரை, இடுக்கில்லாக் கதவு, குளிர்காலத் தென்வெயிலை ஏற்கும் சன்னல் ஆகியவற்றைச் சிந்தித்தாலே மின்தேவை குறையும். வீண்விரயத்தைத் தவிர்க்கும் பணி, வீட்டின் வரைபடம் தீட்டும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.