கிங்ஸ் சர்க்கிள் வீட்டுச் செடிகள்: உரமும் நீரும்

மும்பை மாட்டுங்காவில் தமிழர்கள் பல தலைமுறையாக வாழும் பகுதி கிங்ஸ் சர்க்கிள். 1896இல் நகரைப் பிளேக் தாக்கிய பின், 1898இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் தாதர், மாட்டுங்கா பகுதிகளைத் திட்டமிட்டது. வீட்டுக்குள் காற்றும் வெளிச்சமும் வர வேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கம். ஜன்னல் கிரில்லில் துளசியும் கூடத்தில் மணி பிளாண்டும் தழைப்பது அந்த வெளிச்சத்தால்தான்.

செடிக்கு ஊட்டம் தரும் கலை இந்நாட்டில் மிகப் பழையது. சுரபாலரின் 'விருட்சாயுர்வேதம்' என்ற பழைய நூல் குணபஜலம் என்னும் திரவ உரத்தை விவரிக்கிறது. இறைச்சியையும் கொழுப்பையும் வேகவைத்து ஊறவிட்டுத் தயாரிப்பது அது. ஐரோப்பாவில் 1840இல் வேதியியலாளர் லீபிக் எழுதிய வேளாண் வேதியியல் நூல், செடி மண்ணிலிருந்து தாது உப்புகளை எடுத்துக்கொள்கிறது என்று நிலைநாட்டி, ரசாயன உரத்துக்கு வழிவகுத்தது. அந்த வழியில் வந்த ஆலை ஒன்று கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகிலேயே, செம்பூரை ஒட்டிய டிராம்பேயில் 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1978இல் அது ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனத்தின் கீழ் வந்தது. அதன் 'சுபலா' 15:15:15 உரத்தில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் சம அளவு. எட்டு அங்குலத் தொட்டிக்குக் கால் தேக்கரண்டிக் குருணையை விளிம்போரம் புதைத்து நீர் ஊற்றினால், இரண்டு மாதத்துக்குப் போதும். மிஞ்சினால் தொட்டி ஓரத்தில் வெள்ளை உப்பு படியும். இலை நுனி கருகும்.

ஃபில்டரில் மிஞ்சும் காப்பிச் சக்கையைப் பலர் அப்படியே தொட்டியில் கொட்டுகிறார்கள். இது தவறு. ஈரச் சக்கை மேல்மண்ணில் ஏடாகப் படிந்து பூஞ்சை பிடிக்கிறது. அதிலுள்ள தழைச்சத்தும் மட்கிய பிறகே வேருக்குக் கிட்டும். காய்கறித் தோலோடு சேர்த்து மட்கவைத்துப் போடுவதே சரி.

வீட்டுச் செடிகள் பெரும்பாலும் சாவது பசியால் அல்ல, மிகை நீரால். மண்ணின் காற்றிடைவெளி நிரம்பினால் வேர் மூச்சுமுட்டி அழுகும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் 2,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. காற்றிலேயே ஈரம் நிற்பதால் அப்போது நீரையும் உரத்தையும் குறைத்துவிட வேண்டும்.



தொட்டியடித் தட்டில் தேங்கும் நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் வளர்ந்துவிடும். வாரம் ஒருமுறையாவது தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.