நன்னீர் மட்டிகளில் உலோக நச்சும் இயற்கைச் சேர்மங்களின் காப்பும்

குளத்தடிச் சேற்றில் பாதி புதைந்து வாழும் மட்டி, நீரை உள்ளிழுத்துச் செவுளில் வடிகட்டி உணவு தேடுகிறது. நீரில் கலந்த காட்மியம், ஈயம், பாதரசம், செம்பு ஆகியனவும் அவ்வழியே புகுந்து செரிமானச் சுரப்பியில் சேர்கின்றன. நச்சை உணர்ந்தால் ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். ஆனால் மூச்சுக்காகத் திறந்துதானே ஆகவேண்டும்.

ஜப்பானின் மினமாட்டா நோய் 1956இல் வெளிப்பட்டது. மீனும் சிப்பியும் உண்டவர்களைப் பாதரசம் முடக்கிய பிறகு, சிப்பியினங்களை மாசின் அளவுகோலாகப் பார்க்கும் வழக்கம் வலுத்தது. 1975இல் எட்வர்ட் கோல்ட்பர்க் கடலோர மாசைச் சிப்பிகளைக் கொண்டே கண்காணிக்க முன்மொழிந்தார். அந்த உயிரைக் காப்பது பற்றிய கேள்வி பிந்தியே எழுந்தது.

அதற்கான அடிப்படை முன்பே வேறிடத்தில் கிடைத்திருந்தது. 1957இல் மார்கோஷஸ், வாலி இருவரும் குதிரைச் சிறுநீரகத்தில் காட்மியத்தைப் பிணைக்கும், கந்தகம் செறிந்த புரதமொன்றைக் கண்டனர். மெட்டலோதயோனீன் எனப் பின்னர் பெயர்பெற்ற இவ்வகைப் புரதம் மட்டிகளிலும் உண்டு. அதுவும் குளூட்டாதயோன் என்னும் காப்புச் சேர்மமும் ஈடுகொடுக்க முடியாதபோது, வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி உயிரணுச் சவ்வின் கொழுப்பைச் சிதைக்கின்றன.

இந்தச் சிதைவைத் தடுக்கத்தான் வைட்டமின் சி (அஸ்கார்பிக் அமிலம்) துணைக்கு வருகிறது. மகாஜன், சாம்பரே ஆகியோர் கார்பிக்குலா ஸ்ட்ரியாடெல்லா என்னும் சிறு மட்டியில் செய்த ஆய்வு 2001இல் வெளியானது. செம்புச் சல்பேட்டும் பாதரசக் குளோரைடும் மட்டியின் புரத அளவை மாற்றும்போது அஸ்கார்பிக் அமிலம் என்ன செய்கிறது என்று அவர்கள் பார்த்தார்கள். இத்தகைய ஆய்வுகளில் மட்டிகளைப் பிரித்து வைப்பார்கள்: ஒரு தொட்டியில் வெறும் நீர், ஒன்றில் உலோகம், இன்னொன்றில் உலோகத்தோடு வைட்டமின். பிறகு செவுள், பாதம், செரிமானச் சுரப்பி என ஒவ்வொரு திசுவாக ஒப்பிடுவார்கள்.

இக்காப்பை மிகைப்படுத்துவது தவறு. வைட்டமின் சி செம்பயனியை ஒடுக்கும். அப்படி ஒடுங்கிய செம்பு ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து கொடிய ஹைட்ராக்சில் தனியுறுப்பைப் பிறப்பிக்கும். அளவு பிசகினால் மருந்தே தீங்காகும். காற்றோட்டமுள்ள நீரில் வைட்டமின் வெகுநேரம் நிலைப்பதுமில்லை. செம்பு கலந்தால் இன்னும் விரைவில் அழியும்.

இலங்கையின் நன்னீர்நிலைகளிலும் லாமெல்லிடென்ஸ், பரேசியா இன மட்டிகள் வாழ்கின்றன. மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொல போன்ற நெல் விளையும் ஊர்களில் வயலில் வடியும் நீர் வாய்க்காலையும் குளத்தையும் சேர்கிறது. பொஸ்பேற்று உரத்தில் காட்மியம் மாசாக இருக்கக்கூடும். தொட்டியில் பலித்த வைத்தியத்தைக் குளத்துக்குச் செய்ய இயலாது. உரத்தின் தரத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும். காப்புப் பெற்ற மட்டி நலமாகத் தோன்றினாலும் அதன் தசையில் உலோகம் தங்கியிருக்கலாம். அதைத் தனியே அளக்காமல் உண்ணத்தக்கது என்று சொல்ல முடியாது.