பட்டம்மாளுக்கு ஒரு கட்டம்

வை. மு. கோதைநாயகியின் முதல் நூல் ‘இந்திர மோகனா’ என்ற நாடகம். 1924இல் வெளிவந்த அதை அவர் தன் கையால் எழுதவில்லை. ஐந்தரை வயதில் மணமுடிக்கப்பட்டு, பள்ளிக்கூடத்துக்கே போகாத அவருக்கு அப்போது சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அடுத்த ஆண்டே கோதைநாயகி ‘ஜகன்மோகினி’ இதழைப் பொறுப்பேற்றார். பல பத்தாண்டுகள் அதை நடத்தி, 115 நாவல்களையும் எழுதினார். நான் பார்த்த நூலகப் பதிவுகள் எல்லாவற்றிலும் கோதைநாயகி இருக்கிறார். எதிலும் பட்டம்மாள் இல்லை.

இந்த இல்லாமை இன்றைக்கு ஏன் கூடுதலாக உறுத்துகிறது? பழைய பெண்கள் இதழ்களை நாம் இப்போது பெரும்பாலும் திரையில்தான் படிக்கிறோம். 1994இல் தொடங்கப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், 2005 முதல் ஈழத்து எழுத்துகளைத் திரட்டிவரும் நூலகம் நிறுவனம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்றவை, முன்பு ஊர் ஊராக அலைந்து தேட வேண்டியிருந்த பலவற்றை மின்வடிவாக்கியிருக்கின்றன. ஆனால் பத்தாண்டு இதழ்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கி இறக்குவது ஓர் ஆய்வு மாணவியின் பல நாள்களைத் தின்றுவிடும். அதனால் என் மாணவிகள் சிலர் ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். பதினைந்து இருபது வரிகளில் அமைந்த சிறு நிரல் அது. பட்டியல் பக்கத்தைப் படிக்கும், இணைப்புகளைப் பொறுக்கும், ஒவ்வொரு கோப்பையும் இறக்கும், ஆண்டு, மாதம், இதழ்ப் பெயர் என்று பெயரிட்டு உரிய உறையில் போடும். நடுவில் மின்சாரம் போனால், விட்ட இடத்திலிருந்து தொடரும்படியும் எழுதலாம்.

இத்தகைய நிரல்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1996இல் ஹ்ர்வோயே நிக்சிச் ‘டபிள்யூகெட்’ என்ற கருவியை வெளியிட்டார். முகவரியைக் கொடுத்தால் ஒரு தளத்தின் பக்கங்களைத் தொடர்ச்சியாக இறக்கித் தரும் அந்தக் கருவி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதே ஆண்டில் புரூஸ்டர் கேல் இணைய ஆவணக்காப்பகத்தைத் தொடங்கினார். இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். கருவியைச் செய்த ஆண்களின் பெயர்கள் நமக்கு எளிதாகக் கிடைக்கின்றன. இறக்கிய கோப்பை அடுக்குவதற்கு ஆசிரியர், தலைப்பு, ஆண்டு ஆகியவை கணினிக்குப் புரியும் வடிவில் முன்னமே இருக்க வேண்டும். அதற்கு வழி செய்தவர் ஒரு பெண்.

ஹென்றியெட் ஆவ்ரம் 1919இல் நியூயார்க்கில் பிறந்தவர். நூலகவியல் படித்தவர் அல்லர். 1950களில் கணினி நிரலாளராக வேலைக்குச் சேர்ந்தவர். 1965இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் சேர்ந்து, நூல் அட்டையில் இருக்கும் விவரங்களைக் கணினி படிக்கக்கூடிய பதிவாக மாற்றும் திட்டத்தை வழிநடத்தினார். ‘மார்க்’ என்ற அந்த வடிவம் 1971இல் அமெரிக்காவின் தேசியத் தரமாகவும், 1973இல் சர்வதேசத் தரமாகவும் ஆனது. அதில் ஒவ்வொரு விவரத்துக்கும் எண்ணிட்ட கட்டம் உண்டு. முதன்மை ஆசிரியருக்கு 100. தலைப்புக்கு 245. மொழிபெயர்த்தவர், பதிப்பித்தவர் போன்ற மற்ற பங்களிப்பாளர்களுக்கு 700. அவர்கள் என்ன பங்காற்றினார்கள் என்பதைக் குறிக்கத் தனிச் சொற்பட்டியலும் பின்னர் உருவானது. சொல்வதைக் கேட்டு எழுதியவரைக்கூட அதைக் கொண்டு பதியலாம். ஆகவே பட்டம்மாளுக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. இடம் இருக்கிறது, நிரப்புபவர் அவரைத் தேடவில்லை.

தானாகப் பதிவிறக்குவதன் வரலாற்றில் நீதிமன்றமும் சிறையும் வருகின்றன. ஆரோன் ஸ்வார்ட்ஸ் 2010இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வலையமைப்பில் ஒரு கணினியை இணைத்து, பைத்தான் ஸ்கிரிப்ட் மூலம் ஜேஸ்டோர் தளத்திலிருந்து ஏறத்தாழ 48 லட்சம் ஆவணங்களை இறக்கினார். 2011 ஜனவரியில் கைது செய்யப்பட்டார். வழக்கு நிலுவையில் இருந்தபோதே, 2013 ஜனவரியில், 26 வயதில் தற்கொலை செய்துகொண்டார். அவர் கைதான அதே 2011இல், கஜகஸ்தானில் பிறந்த அலெக்சாண்ட்ரா எல்பக்யான் என்ற இளம்பெண் ‘சைஹப்’பைத் தொடங்கினார். கட்டணச் சுவருக்குள் இருக்கும் ஆய்வுக் கட்டுரைகளைத் தானாக எடுத்துத் தரும் தளம் அது. 2017இல் நியூயார்க் நீதிமன்றம் அவர் 1.5 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2020 டிசம்பரில் எல்சவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் ஆகிய மூன்றும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. எல்பக்யான் செய்தது சரியா என்ற கேள்விக்கு என் வகுப்பிலேயே பல விடைகள் வருகின்றன. ஆனால் பொதுப்பணத்தில் நடந்த ஆய்வை, சந்தா கட்ட முடியாத கல்லூரியில் படிக்கும் பெண் எப்படிப் படிப்பாள் என்ற கேள்வியை அவர் தள்ளிப்போட முடியாததாக ஆக்கினார்.

சட்டச் சிக்கல் இல்லாத இடத்திலும் கவனம் தேவை. குழாயடியில் ஒருத்தியே இருபது குடத்தை வரிசையில் வைத்தால் மற்றவர்கள் என்ன ஆவார்கள்? சிறிய நூலகத்தின் வழங்கி மீது விநாடிக்கு நூறு கோரிக்கைகளை ஏவினால் அதுதான் நடக்கும். ஒரு கோப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் சில விநாடிகள் காத்திருக்கும்படி ஒரு வரி சேர்த்தால் போதும். எந்தப் பகுதிகளை நிரல்கள் தொடக்கூடாது என்று தளங்கள் அறிவிக்கும் ‘ரோபாட்ஸ்’ கோப்பு முறையும் 1994 முதல் இருக்கிறது. அதை முதலில் படிப்பது வீட்டுக்குள் நுழையுமுன் கதவைத் தட்டுவது போல.

அதே கருவி ஆபத்து நேரத்தில் எப்படிப் பயன்படும் என்பதை 2022 காட்டியது. பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. அமெரிக்காவில் இசை நூலகராக இருக்கும் அன்னா கியாஸ், உக்ரைனின் இசைச் சேகரங்கள் இருக்கும் தளங்களைப் பாதுகாக்க இணையவழியில் கூடலாம் என்று அழைத்தார். குவின் டொம்ப்ரோவ்ஸ்கியும் செபாஸ்டியன் மையஸ்டோரோவிச்சும் அவருடன் சேர, சில நாள்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் திரண்டார்கள். அருங்காட்சியகங்கள், ஆவணக் காப்பகங்கள், நூலகங்கள் என 5,000க்கும் மேற்பட்ட தளங்களை நிரல்கள் கொண்டு படியெடுத்தார்கள். யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981 ஜூன் முதல் நாளன்று எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறு படியே இல்லாத ஓலைச்சுவடிகளும் இருந்தன. இன்னொரு படி இன்னோர் இடத்தில் இருப்பதன் பொருள் தமிழருக்கு விளக்கத் தேவையில்லாதது.

படியெடுத்தாலும் பெயர்ச் சிக்கல் தீர்வதில்லை. ‘வை. மு. கோ.’, ‘வை. மு. கோதைநாயகி அம்மாள்’, ‘கோதைநாயகி அம்மாள், வை. மு.’ என்று மூன்று விதமாக இருந்தால், நிரல் மூன்று உறைகளைத் திறந்து மூன்று பெண்களை உண்டாக்கும். முன்னால் நிற்கும் அந்த ‘வை. மு.’வும் புகுந்த வீட்டின் எழுத்துகள். கணவர் பெயருக்கு முன் ‘திருமதி’ சேர்த்து மட்டும் எழுதிய பெண்ணை நிரல் கணவரின் உறையிலேயே போட்டுவிடும். பெயரை வைத்துப் பாலினத்தை ஊகிக்கச் சொன்னால் ‘சுஜாதா’வும் ‘புஷ்பா தங்கதுரை’யும் பெண் எழுத்தாளர் கணக்கில் ஏறிவிடுவார்கள். பதிவேட்டில் இருந்த மறதி இப்படி ஆயிரம் கோப்புகளுக்கு ஒரே நிமிடத்தில் பரவுகிறது.

இதில் சட்டமும் சேர்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பெயர் தெரிந்த ஆசிரியரின் நூலுக்கான உரிமை அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். கோதைநாயகி 1960இல் இறந்தார். 2020இன் முடிவோடு அந்தக் காலம் முடிந்தது. இந்தக் கணக்கைப் போட இறந்த ஆண்டு தெரிய வேண்டும். பழைய பெண்கள் இதழ்களில் ஒரு கதையோ இரண்டு கட்டுரையோ எழுதிவிட்டுக் குடும்பத்துக்குள் மறைந்துபோன பெண்கள் பலர். அவர்கள் எப்போது இறந்தார்கள் என்று எந்த இலக்கிய வரலாறும் எழுதி வைக்கவில்லை. அந்த ஓர் எண் இல்லாததால் அவர்கள் எழுத்தைத் திறந்து வைக்க நூலகம் தயங்குகிறது. திறக்காததை எந்த ஸ்கிரிப்டும் இறக்க முடியாது. வாழ்ந்தபோது கவனிக்கப்படாதவள், எப்போது இறந்தாள் என்று தெரியாததால் படிக்கப்படாமலும் போகிறாள்.

அதனால் என் மாணவிகளிடம் ஸ்கிரிப்டோடு ஒரு அட்டவணையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கோப்பின் பெயர், எடுத்த தளம், எடுத்த நாள் ஆகியவற்றை நிரலே நிரப்பிவிடும். கூடுதலாக நான்கு கட்டங்களைக் கையால் நிரப்ப வேண்டும்: இதழில் அச்சான பெயர், அதே பெண்ணின் வேறு பெயர்கள், பிறப்பும் இறப்பும், கூட உழைத்தவர். கடைசி இரண்டுக்கும் விடை இணையத்தில் அனேகமாக இருக்காது. ஊருக்குப் போய் பேத்தியைக் கண்டுபிடித்துக் கேட்க வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகையையோ கருமாதிப் பத்திரிகையையோ தேடிப் பார்க்க வேண்டும். சொடுக்கிச் சொடுக்கிக் கழிந்திருக்கக்கூடிய நாள்களை இயந்திரம் மிச்சப்படுத்தித் தருகிறது. அந்த நாள்களை இந்த வேலைக்குச் செலவிடலாம்.