மூன்று படிகளின் வரலாறு



சிவகாசியிலிருந்து நம்ம புதுப்பட்டிக்கு வரும் டவுன் பஸ்ஸில் முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டி ஏறுவதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு கையில் பை, மறு கையில் கம்பி. பின்னால் தூக்குவாளியோடு பட்டாசு வேலைக்குப் போகும் பெண்கள் காத்து நிற்பார்கள். 2021 மே மாதம் முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் போய்விட்டது. படிகள் போகவில்லை.

இந்தப் படிகளை ஒழிக்க முயன்ற வரலாறு ஒன்று உண்டு. பிரேசிலில் குரிடிபா என்ற நகரம். அதன் மேயர் ஜைமே லெர்னர் ஒரு கட்டடக் கலைஞர். மெட்ரோ ரயிலுக்குப் பணம் இல்லாததால், 1974இல் பஸ்ஸுக்கென்றே தனித்தடம் போட்டார்கள். ஆனாலும் ஒவ்வொருவரும் படியேறிச் சீட்டு வாங்குவதற்குள் நேரம் போனது. 1991இல் கண்ணாடிக் குழாய் வடிவ நிலையங்கள் வந்தன. வாசலிலேயே சீட்டு, உள்ளே பஸ்ஸின் தளத்துக்குச் சமமான மேடை. கதவு திறந்ததும் ஒரு பலகை பாலம்போல் விழும். வீட்டுத் திண்ணையிலிருந்து அறைக்குள் போவதுபோல் போகலாம்.

நம் நாட்டில் அகமதாபாத் 2009இல் 'ஜன்மார்க்' என்ற பெயரில் இதைச் செய்தது. நிலையங்கள் சாலையின் நடுவே இருப்பதால் பஸ்ஸின் கதவு வலப்பக்கம். மேடைக்கு ஏறச் சாய்தளம். ஹூப்ளி, தார்வாட் என்ற இரட்டை நகரங்களுக்கு இடையேயும் 2018 முதல் இப்படி பஸ் ஓடுகிறது. குறையும் உண்டு: நடுச்சாலை நிலையத்தை அடைய, வண்டிகளுக்கு இடையே பாதிச் சாலையைக் கடக்க வேண்டும். அந்தக் கடக்கும் வழியும் நிலைய வரைபடத்தில் சேர வேண்டியதுதான்.

மேடையை உயர்த்துவது ஒரு வழி; பஸ்ஸைத் தாழ்த்துவது இன்னொரு வழி. 2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தளப் பஸ்கள் வந்தன. ஆனால் பஸ் நடைபாதையை ஒட்டி நிற்காமல் நடுரோட்டில் நின்றால், தாழ்தளத்தின் பலன் பாதிதான். எந்த வழியானாலும் பஸ்ஸும் நிறுத்தமும் ஒரே அளவுகோலில் பிறக்க வேண்டும்.

நம் ஊருக்குத் தனித்தடம் தேவையில்லை. அவ்வளவு நெரிசலும் இல்லை. சரியான உயரத்தில் ஒரு மேடை, ஏறச் சாய்தளம், பஸ் ஒட்டி நிற்க இடம் போதும். உங்களில் பலர் இன்று பொறியாளர்கள். நிழற்குடைக்கு வரைபடம் போடும்போது கூரையோடு நிறுத்திவிடாதீர்கள். தரையிலிருந்து பஸ் தளம் எத்தனை அங்குலம் என்று டேப் பிடித்து அளந்துவிட்டுப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்