காரணம் கேளாக் கிருபை

திருமுருக கிருபானந்த வாரியார் வாழ்நாளெல்லாம் முருகன் புகழ் பேசியவர். அவர் பெயரில் உள்ள கிருபை என்ற சொல்லை இன்று தனியாகச் சொன்னால், "சர்ச்சுக்காரங்க வார்த்தை" என்றுதான் பலருக்குத் தோன்றும். கிருபாகரன், கிருபாவதி என்று பெயர் வைத்த வீடுகளில் கோயிலுக்குப் போகிற வீடுகளும் உண்டு, வேதக்கோயிலுக்குப் போகிற வீடுகளும் உண்டு. ஊர்ப் பொதுவாக இருந்த ஒரு சொல் ஒரு சாரார் பேச்சில் மட்டும் தங்கிப்போனது எப்படி?

கிருபை வடசொல். இரக்கம் என்பது அதன் அடிப்படைப் பொருள். ஆனால் தமிழ் மண்ணில் அது சும்மா ஓர் இரக்கச் சொல்லாக இருந்துவிடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்தே வைணவ ஆசாரியர்களிடையே இதன்மேல் பெரிய வழக்கு நடந்தது. பெருமாள் ஓர் உயிரைக் காக்க அந்த உயிர் ஏதாவது செய்திருக்க வேண்டுமா, வேண்டாமா? பிள்ளை லோகாசாரியர் வழி வந்த தென்கலையார் வேண்டாம் என்றார்கள். அது நிர்ஹேதுக கிருபை, காரணம் கேட்காதது. வேதாந்த தேசிகர் வழி வந்த வடகலையார், ஒரு சிறு சாக்காவது வேண்டும் என்றார்கள்; அந்தச் சாக்குக்கு வியாஜம் என்று பெயர். தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாயே கவ்விக்கொண்டு போகும் பூனைக் குட்டியா என்று பிள்ளைகளும் கேட்கும்படி இந்த வழக்கு ஊரில் பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனரிகள் பலர், கருணையால் மீட்பு என்கிற எண்ணமே இந்தியாவுக்குப் புதிது என்று எழுதினார்கள். அவர்கள் காவிரிக் கரையில் ஒரு வாரம் தங்கிப் பேச்சுக் கேட்டிருக்கலாம்.

கிறிஸ்தவர்கள் இந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்த பாதை நேர்ப்பாதை அல்ல. 1578இல் கொல்லத்தில் அச்சான அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' பல இடங்களில் போர்த்துகீசியச் சொற்களையே தமிழ் எழுத்தில் வைத்துக்கொண்டது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி வடமொழிப் பக்கம் திரும்பினார். அந்த வழியில்தான் கத்தோலிக்கத் தமிழில் வரப்பிரசாதம், இஷ்டப்பிரசாதம் போன்ற சொற்கள் வேர்விட்டன. மரியாளை வாழ்த்தும் பழைய மந்திரத்தில் பிரியதத்தம் என்று ஒரு சொல் இருந்தது. பிரியத்தோடு தரப்பட்டது என்று பொருள். இன்றைய இளையவர்கள் அதைக் கேட்டிருக்கக்கூட மாட்டார்கள். கிருபை என்ற சொல்லும் அந்தச் செபப் புத்தகங்களில் இருந்தது, ஆனால் அதன் வேலை வேறு. 'கிருபை தயாபத்து மந்திரம்' என்று மூத்தவர்கள் சொல்வதில் கிருபை இரக்கத்தைத்தான் குறிக்கும். ஒரு வேடிக்கை: யோவான் என்ற எபிரேயப் பெயருக்குக் கடவுள் அருளினார் என்று பொருள் கண்டு, கத்தோலிக்கர் அவரை அருளப்பர் என்றே அழைத்தார்கள். பவுலுக்குச் சின்னப்பர்.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தொடங்கி, 1772இல் புதிய ஏற்பாட்டை வெளியிட்ட பாப்ரிசியுஸ் வழியாக வந்த புராட்டஸ்டண்ட் தமிழில் கிருபை நிலைத்தது. அங்கே அது அளவுக்கு மீறிய சுமையைத் தூக்கியது. எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் வரும் கிரேக்கச் சொல் குறிப்பது விலையின்றி வரும் கொடையை. 136ஆம் சங்கீதத்தில் இருபத்தாறு முறை வரும் எபிரேயச் சொல் குறிப்பதோ, கொடுத்த வாக்கை விட்டு விலகாத அன்பை. தமிழில் இரண்டும் கிருபைதான். உடன்படிக்கைப் பெட்டியின் மூடிகூடக் கிருபாசனம் ஆயிற்று. ஒரே சொல்லில் இத்தனையும் சேர்ந்ததை மொழிபெயர்ப்புக் குறை என்பார்கள். எனக்கென்னவோ அது நல்லதற்கே என்று படுகிறது. சபையில் சாட்சி சொல்ல எழும் ஒரு பாட்டி, "கர்த்தர் கிருபையில நல்லா இருக்கோம்" என்னும்போது கொடையும் விலகாமையும் பிரியாமல் சேர்ந்தே வருகின்றன.

ஜெர்மானிய இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் வைணவத்தையும் கிறிஸ்தவத்தையும் அருள் நெறிகள் என்று அருகருகே வைத்து எழுதினார். கருணையில் இரண்டும் நெருங்கும். எதிலிருந்து விடுதலை என்ற கேள்வியில்தான் பிரியும் என்பது அவர் முடிவு. ஒன்று பிறவித் தளையிலிருந்து, மற்றது குற்ற உணர்வின் பாரத்திலிருந்து. தமிழில் இந்தப் பிரிவு பாவம் என்ற சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. குறளில் பாவமும் உண்டு, பாவியும் உண்டு. பொறாமையையும் வறுமையையும் வள்ளுவர் பாவி என்றே திட்டுகிறார். பேச்சுத் தமிழிலோ "ஐயோ பாவம்" என்றால் பரிதாபம். ஆதாமிலிருந்து வந்த பாவத்தைச் சொல்ல ஜென்மப் பாவம் என்றார்கள். அதைக் கேட்ட தமிழர், போன ஜென்மத்துப் பாவம் போலும் என்று தலையாட்டியிருந்தால் யாரைக் குறை சொல்வது?

பாவமும் கிருபையும் ஊர் வாழ்க்கையில் எப்படி நின்றன என்று பார்க்க, இனி மலைக்குப் போவோம். கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் அறப்பளீசுவரரும் நினைவுக்கு வரும். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று பல நாடுகளாகப் பிரிந்த மலை அது. நாட்டுப்புறத் தமிழகத்தில் எங்கும் உள்ளதுபோல, அங்கும் பாவத்துக்குக் கிட்டத்தில் நிற்கும் சொல் குத்தம். நோய் வந்தால் சாமி குத்தம். குத்தத்துக்குத் தெண்டம் உண்டு, பரிகாரம் உண்டு. சேவலா கிடாவா என்று சொல்லிவிடலாம். பூசாரி ரட்சை கட்டுவார். இரட்சிப்பு, இரட்சகர் எல்லாம் அந்த ரட்சைக்கு உறவுச் சொற்களே. எல்லாவற்றுக்கும் ஒரு விலை இருந்தது. இதை மலைக்காரர் குறையாகச் சொல்லக் கூடாது; பாவமன்னிப்புச் சீட்டு விற்ற ஐரோப்பாவில்தான் 1517இல் லூத்தர் சண்டைக்கு நின்றார்.

1907இல் மிஷனரியாக இந்தியா வந்த ஜெஸ்ஸி பிராண்ட், 1913இல் எவ்லின் என்ற பெண்ணை மணந்து இந்த மலையின் வாழவந்தியில் குடியேறினார். லண்டனில் ஓராண்டு மருத்துவப் பயிற்சி பெற்றவர். நரம்புச் சிலந்தி அன்று மலையில் பெருந்தொல்லை. காலில் கொப்புளம் உடைந்து புழுவின் நுனி தெரியும். இழுத்தால் அறுந்து உள்ளே சீழ்பிடிக்கும். ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக வெளியே எடுக்க வேண்டும். ஜெஸ்ஸி இதைச் செய்துகொண்டே, மக்கள் காலை நனைத்து இறங்காதபடி கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கட்டச் சொன்னார். வைத்தியத்துக்கு வந்தார்கள், ஞானஸ்நானத்துக்கு ஆண்டுக்கணக்கில் ஒருவரும் வரவில்லை. உள்ளூர்ப் பூசாரியின் எதிர்ப்பு பலமாக இருந்தது.

1918இல் தொடங்கிய விஷக்காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மலையில் பலர் நோயாளிகளை விட்டு ஓடினார்கள். பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சி வீடுவீடாகக் கொண்டுபோய் ஊட்டினார்கள். பூசாரியும் படுத்தார், அவர் வீட்டுக்கும் கஞ்சி போனது. சாகும் தறுவாயில் அவர் தம் பிள்ளைகளை பிராண்ட் தம்பதியரிடமே ஒப்படைத்தார் என்று அக்குடும்பத்தின் வரலாறு சொல்கிறது. மலைச் சபை வளர்ந்தது அதற்குப் பிறகுதான். கஞ்சியைத் தூண்டில் என்பவர்கள் உண்டு. மீனே மாட்டாத அத்தனை ஆண்டுகளை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. எதிர்த்து நின்றவர் வீட்டு வாசலில் ஏந்தி நின்ற சட்டிக்கு வியாஜம் ஏது? தென்கலையார் பார்த்திருந்தால் அதை நிர்ஹேதுகம் என்றே வகுத்திருப்பார்கள். ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலில் இறந்தார். எவ்லின் 1974இல் தம் 95ஆம் வயதில் இறக்கும்வரை மலைகளை விடவில்லை. இதே மலையில் சிறுவயதில் வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தியவர்.

1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு, கிருபையை எடுத்துவிட்டு அருள் என்றும், இரட்சிப்புக்கு மீட்பு என்றும், சங்கீதத்தில் பேரன்பு என்றும் வைத்தது. நல்ல தமிழ், மறுப்பில்லை. ஆனால் அருளுக்கும் ஊரில் வேறு வேலை இருக்கிறது. திருவிழாவில் பறை முழங்க, ஒருவர் உடல் நடுங்கி ஆடத் தொடங்கினால், "அருள் வந்திருச்சு" என்பார்கள், எலுமிச்சம்பழத்தோடு ஓடுவார்கள். அந்த அருளுக்கு விரதமும் தகுதியும் கேட்பது வழக்கம். கிருபைக்கு அந்த ஆட்டமும் இல்லை, தகுதிச் சோதனையும் இல்லை. புராட்டஸ்டண்ட் சபைகள் பெரும்பாலும் இன்னும் பழைய மொழிபெயர்ப்பைத்தான் வாசிக்கின்றன. பழக்கம் ஒரு காரணம்தான். ஆனால் அருள் என்று வாசித்துவிட்டு, நீங்கள் நினைக்கிற அருள் இல்லை என்று பிரசங்கத்தில் விளக்கிக்கொண்டிருக்கிற வேலை அவர்களுக்கு மிச்சம்.