அன்னை நீட்டிய மதுக்கிண்ணம்

பள்ளிக்குப் புறப்படுகிறான் சிறுவன். தாய், கூடையிலே ரொட்டியை வைக்கிறாள், பாலாடைக்கட்டியை வைக்கிறாள், நண்பகல் உணவோடு அருந்துவதற்கென்று சிறு புட்டி ஒன்றையும் வைக்கிறாள். புட்டியிலே இருப்பது பாலன்று, பழச்சாறன்று - திராட்சை மது! பெற்ற பிள்ளையைக் கெடுக்கத் துணிந்த பேயோ இவள் என்று கேட்கத் தோன்றும். இல்லை, தோழர்களே! அன்பே உருவான தாய்தான். பிள்ளையின் உடலிலே குருதி ஊறும், குளிர் அண்டாது என்று நம்பித்தான் புட்டியை வைத்தாள். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலே, பிரெஞ்சு நாட்டுச் சிற்றூர்களிலே, இது எவரும் வியந்து நோக்காத காட்சி.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? கோயிலிலிருந்து மட்டும் வந்திருந்தால் நமக்கு வேலை எளிது. வந்தது ஆய்வுக்கூடத்திலிருந்து!

லூயி பாஸ்டர் என்றதும் என் வகுப்பு மாணவர்கள் ஒரே குரலில் 'பால்' என்பார்கள். பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் முறைக்கு அவர் பெயர் அல்லவா வழங்குகிறது! ஆனால், அம்முறையை அவர் கண்டது பாலுக்காக அன்று, மதுவுக்காக. பிரெஞ்சு மது கெட்டுப்போவதேன் என்று ஆராயும்படி 1863-இல் மன்னன் மூன்றாம் நெப்போலியன் அவரைப் பணித்தான். 1866-இல் அந்த ஆய்வு நூலாக வெளிவந்தது. பானங்களிலே உடல்நலத்துக்கும் தூய்மைக்கும் ஏற்றது திராட்சை மது என்னும் கருத்தை அந்நூலிலே அவர் எழுதிவைத்தார்.

அக்காலத்தை எண்ணிப் பார்த்தால் அவர் சொன்னதிலே ஓரளவு பொருள் இருந்தது. குடிநீர் குலைநடுங்க வைத்த காலம் அது. 1832-இல் பாரிசு நகரிலே காலரா பல்லாயிரவரைப் பலிகொண்டது. ஆற்று நீரைவிட மது தூயது என்று ஒருவர் சொன்னால் மறுப்பது அரிது. ஆனால், வளரும் பிள்ளைக்கு மது என்ன செய்யும் என்று அந்நூல் ஆராயவில்லை. மது புளித்துப்போவதேன் என்றே ஆராய்ந்தது. பின்னர் நீர் தூய்மையாயிற்று, குழாய் வந்தது, காலரா அகன்றது. காரணம் போயிற்று, கிண்ணம் போகவில்லை! பாஸ்டரின் வாசகத்தை விளம்பரத் தட்டியிலே பொறித்தனர் மது வணிகர். 1931-இல் திராட்சை மதுவுக்குப் பிரசாரம் செய்ய அரசே குழு அமைத்தது. 'வேதம் சொல்லிற்று' என்பவனைக் கண்டு நகைக்கிறோமே, 'பாஸ்டர் சொன்னார்' என்பவன் மட்டும் எவ்வகையில் உயர்ந்தவன்? சோதித்தறியாமல் ஏற்கப்பட்டால், அறிவியலாளன் சொல்லும் சுலோகந்தான்.

எதிர்த்து நின்றவர் பியர் மெண்டஸ் பிரான்ஸ். நமக்குப் புதியவரல்லர். அவர் பிரதமராயிருந்தபோதுதான், 1954 நவம்பர் முதல் நாள், புதுவையின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. அதே ஆண்டிலே அவர், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் வழங்குவோம் என்றார். பலர் காணத் தாமும் பாலருந்தினார். மது விளையும் மண்ணிலே பாற்கிண்ணம் ஏந்திய பிரதமரைக் கேலிச்சித்திரக்காரர்கள் விடுவார்களா? வட ஆப்பிரிக்கச் சிக்கலில் 1955 பிப்ரவரியில் அவர் ஆட்சி கவிழ்ந்தது. ஆனால் விதை வீணாகவில்லை. 1956-இல், பதினான்கு வயதுக்குட்பட்ட மாணவருக்குப் பள்ளியிலே மது தரலாகாது என்று ஆணை பிறந்தது.

பதினான்குக்கு மேற்பட்டவர்? அவர்கள் பாடு பழையபடியே! மீசை அரும்பும் பருவத்தில், எந்தப் பழக்கமும் எளிதிலே பற்றிக்கொள்ளும் வயதில், உயர்பள்ளி உணவுமேசையிலே மது நின்றது. அதை முற்றாக அகற்ற 1981 வரை ஆயிற்று - இருபத்தைந்து ஆண்டுகள்!

இங்கிலாந்து மட்டும் விரைந்ததா? 1908-ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மது கொடுப்பதைக் குற்றமாக்கிற்று. 1933-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே ஐந்தைத்தான் எழுதியது. இன்றும் அதுவே எல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு வீட்டிலே தந்தை ஊற்றிக் கொடுத்தால், கொடுத்ததற்காக மட்டும் அச்சட்டம் அவனைத் தண்டிக்காது. வீட்டு வாயிற்படியிலே சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிடுகிறது.

குருதி ஊறும் என்ற வாதம் இன்று செல்லாக்காசு. அது போன இடத்தில் வேறொன்று வந்து அமர்ந்தது: 'வெளியே சென்று கெடுவதைவிட, எங்கள் கண்ணெதிரே சிறிது அருந்தி அளவறியட்டும்.' படித்த பெற்றோரின் வாதம் இது. கேட்பதற்கும் நயமாக இருக்கிறது. ஆகையால், நயத்தைப் பாராமல் சோதிக்க வேண்டும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்தனர். 1,927 பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2018-இல் முடிவை வெளியிட்டனர். பெற்றோர் தந்த மது பிள்ளைகளைக் காத்ததற்குச் சான்று கிட்டவில்லை. மாறாக, வீட்டிலே பெற்ற பிள்ளைகளே அடுத்து வெளியாரிடமும் பெறும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. தொடர்பு என்பது வேறு, காரணம் என்று நிறுவுவது வேறு. இதை நாமே மறைத்தால் மது வணிகனின் விளம்பரத்துக்கும் நம் எழுத்துக்கும் வேறுபாடிராது. ஆயினும், 'கண்ணெதிரே கொடுத்தால் காப்பு' என்று சொன்னவர்தாமே சான்று காட்டவேண்டியவர்? காட்டினாரில்லை.

1956-இல் பதினான்கு வயதானவனை எண்ணிப் பாருங்கள். ஆணை அவனைத் தொடாமல் விலகிச் சென்றது. பள்ளி மேசையிலே மதுவருந்தி வளர்ந்தான், மணந்தான், தந்தையானான். 1981-இல், முப்பத்தொன்பதாம் வயதில், அவன் மகன் அமர்ந்த பள்ளி மேசையிலே தண்ணீர்க் குவளை மட்டும் இருந்தது. மாலை வீடு திரும்பிய மகனுக்கு உணவுமேசையில் எதை ஊற்றினான் அத்தந்தை என்பதை எந்த ஆணையும் கேட்கவில்லை.